14ஆம் திகதிக்கு முன்

2024 பெப்ரவரி 26, திங்கள்

காரில் அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. சாம்பல்தீவு தாண்டி, வேகமுள் அறுபதைத் தொட்டதும் தொடங்கியது. ஐம்பதுக்கு இறக்கினால் அடங்கிவிடுகிறது. அம்மா பின் இருக்கையில் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். "உளுந்து அரைக்கிற சத்தம் போல இருக்கிறதே, பிள்ளை" என்றார். நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன். பிறகு வெட்கமாகப் போய் அணைத்துவிட்டேன்.

அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இன்னும் பதினேழு நாள்.

பெப்ரவரி 27, செவ்வாய்

இரவு இரண்டு வாய் கஞ்சி. அவ்வளவுதான்.

பெப்ரவரி 28, புதன்

விடிய ஐந்தரைக்குத் தனியாகக் கிளம்பினேன். அந்த நேரத்தில் நிலாவெளி வீதியில் மீன் லொறிகளையும் நாய்களையும் தவிர வேறொன்றும் இல்லை. எழுபதுக்குக் கொண்டுபோய் கியரை நியூட்ரலில் போட்டேன். எஞ்சின் முனகலாகத் தணிந்தது. சத்தம் தணியவில்லை. அதே உறுமல், அதே உரப்பு, வண்டியின் வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தது. அப்படியென்றால் எஞ்சினில் இல்லை, பெல்ட்டில் இல்லை, புகைக்குழாயிலும் இல்லை. உருளுகிற ஏதோ ஒன்றில் இருக்கிறது.

ரயராக இருக்குமோ என்று வீதியின் முகத்தைக் கவனித்தேன். ரயர் இரைச்சல் என்றால் காபெட் வீதியில் ஒரு குரல், ஒட்டுப்போட்ட பழைய தாரில் வேறொரு குரல் வரும். இது இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. பிரேக்கை மெல்லத் தொட்டுப் பார்த்தேன், மாறவில்லை. பிறகு முன்னும் பின்னும் ஒருவரும் இல்லாத ஓரிடத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக வலத்துக்கும் இடத்துக்கும் அசைத்தேன். வலத்துக்குத் திருப்பும்போது சத்தம் கொழுத்தது. இடத்துக்குத் திருப்பும்போது ஏறக்குறைய நின்றே போனது.

வலத்துக்குத் திரும்பினால் பாரம் இடது சில்லுகளில் விழும். ஆகவே இடது பக்கம். முன்னா, பின்னா? எனக்குப் பின்னால் கேட்பது போலத்தான் இருக்கிறது. அம்மா படுக்கும் இடத்துக்குக் கீழே என்று தோன்றுகிறது. அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பெப்ரவரி 29, வியாழன்

நகரத்தில் ஒரு கராஜுக்குப் போனேன். சொல்லத் தொடங்கியதும், "வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள்" என்றார். நியூட்ரலில் போட்டுப் பார்த்ததைச் சொன்னேன், திருப்பிப் பார்த்ததையும் சொன்னேன். காதில் வாங்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மணிக்கூட்டுக் கோபுரம் வரை ஒரு சுற்று போய்வந்தார். நகரத்துக்குள் நாற்பதைத் தாண்ட முடியாது. நாற்பதில் அது கேட்காது. "ஒன்றும் இல்லை" என்றார். பிறகு, ஒன்றும் இல்லாமல் அனுப்ப மனமில்லாதவர் போல, "பின் பிரேக்காக இருக்கும், திங்கட்கிழமை விடுங்கள்" என்றார்.

மார்ச் 1, வெள்ளி

இன்று வேறொரு சத்தம். டிக், டிக், டிக். அப்படியே உறைந்துபோனேன். வீதியோரம் நிறுத்தாமல் இருபதில் உருட்டிக்கொண்டு எண்ணினேன். நொடிக்கு ஏறக்குறைய மூன்று. இந்த ரயரின் சுற்றளவு இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு இருபது கிலோமீற்றரில் சில்லு நொடிக்கு மூன்று தரம் சுற்றும். ஆக, சுற்றுக்கு ஒரு டிக். இறங்கி நான்கு ரயரையும் தடவிப் பார்த்தேன். வலது பின் ரயரின் பள்ளத்துக்குள் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கல். சாவியால் நெம்பி எடுத்தேன்.

அந்த டிக் போனதும் உறுமல் இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

மார்ச் 3, ஞாயிறு

அண்ணா கனடாவிலிருந்து பேசினார். "வாடகைக்கு ஒரு வான் பிடித்துப் போங்கள்" என்கிறார். வானில் அம்மாவால் நிமிர்ந்து இருக்க முடியாது என்பதை எப்படிச் சொல்வது? இந்தக் காரின் பின் இருக்கைக்கு நான் பஞ்சு மெத்தை வெட்டித் தைத்திருக்கிறேன். வாந்தி வந்தால் எங்கே நிறுத்தலாம் என்று கண்டி வரை எனக்கு மனப்பாடம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டில் யானை நிற்கும். அங்கே சில்லு இறுகி வண்டி நின்றால், அம்மாவையும் வைத்துக்கொண்டு...

எழுதவில்லை, போதும்.

மார்ச் 4, திங்கள்

பின் பிரேக் இரண்டு பக்கமும் மாற்றினார்கள். காசு வாங்கினார்கள். நேரே உப்புவெளிப் பக்கம் ஓட்டிப்போனேன். அறுபது. அதே உளுந்து.

மார்ச் 5, செவ்வாய்

அம்மாவின் பாதங்கள் மூன்றாவது ஊசிக்குப் பிறகு மரத்தே இருக்கின்றன. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் குளியலறை வரை நடந்திருக்கிறார்.

மார்ச் 6, புதன்

ரயர் கடையில் முன் ரயர்களைப் பின்னுக்கும் பின் ரயர்களை முன்னுக்கும் மாற்றிப் போடச் சொன்னேன். ஓரம் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்த ரயர், சில்லு சுழல உதவும் பேரிங் கெட்டது போலவே உறுமும், தேர்ந்த காதையும் ஏமாற்றும். இடம் மாற்றினால் சத்தமும் இடம் மாறும், அல்லது குரலாவது மாறும். ஒன்றும் மாறவில்லை. ரயர் என்ற சந்தேகம் தீர்ந்தது.

கைத்தொலைபேசியைப் பின் இருக்கையின் இடது மூலையில் வைத்து ஒரு பதிவு, முன் இருக்கையின் காலடியில் வைத்து ஒரு பதிவு. இரவு அம்மா உறங்கிய பின் மாறி மாறிக் கேட்டேன். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. காரின் தகரம் முழுவதும் அந்தச் சத்தத்தைச் சுமந்து திரிகிறது, எங்கே பிறக்கிறது என்று காட்டமாட்டேன் என்கிறது. பதினோராவது முறை கேட்டபோது அம்மா அறைக்குள்ளிருந்து, "நிறுத்திவிட்டுப் படு, பிள்ளை" என்றார்.

மார்ச் 7, வியாழன்

கோட்டைப் பக்கம் மருந்துக்குப் போனேன். மான் ஒன்று நடுவீதியில் நின்றது. நான் நின்றேன். அது நகரும் வரை எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். இந்தப் பத்து நாளில் காருக்குள் சத்தமே இல்லாமல் இருந்தது அந்த நேரந்தான்.

மார்ச் 8, வெள்ளி. சிவராத்திரி

ஊர் முழுக்கக் கோணேசர் கோவிலை நோக்கிப் போகிறது. அம்மாவுக்கு இந்த வருடம் இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்தேன். காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் தேவாரம் வந்தது, திரும்பியதும் போய்விட்டது. அம்மா விட்ட இடத்திலிருந்து தானாகப் பாடினார், மெதுவாக. இரண்டாம் சாமம் வரை விழித்திருந்தார். நான்தான் முதலில் கண்ணயர்ந்தேன்.

மார்ச் 9, சனி

எழுத வேண்டியது நிறைய இருக்கிறது.

இரத்தப் பரிசோதனை முடிந்து வரும்போது, "இன்று முன்னால் இருக்கிறேன், கடலைப் பார்க்க வேண்டும்" என்றார் அம்மா. இடது முன் இருக்கையைச் சாய்த்து உட்காரவைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டார். நேரே வீட்டுக்குப் போகாமல் நிலாவெளிப் பக்கம் திருப்பினேன், அம்மாவுக்காகவும், உண்மையைச் சொன்னால் சத்தத்துக்காகவும். அறுபத்தைந்தில் அம்மா குனிந்து தன் காலைப் பார்த்தார். இடது குதிக்காலை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார், வைத்தார்.

"இங்கேதான் அரைபடுகிறது" என்றார். "காலுக்குக் கீழே. கொஞ்சம் முன்னால்."

"தெரிகிறதா அம்மா?"

"குதியில் தெரிகிறது. விரலில் ஒன்றும் இல்லை. குதியில் தெரிகிறது."

நாற்பது வருடம் தையல் மெஷினை மிதித்த கால். ஊசி மழுங்கியதையும் எண்ணெய் வற்றியதையும் துணியைப் பார்க்காமல் பாதத்தாலேயே சொல்வார். வண்டியை ஓரம்கட்டி அந்தக் குதிக்காலைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது. "என்ன, வீதியில் வைத்து?" என்று கடிந்தார்.

முன் சில்லு. இடது முன் சில்லு.

மார்ச் 10, ஞாயிறு

கிண்ணியாவுக்குப் போனேன். பக்கத்து வீட்டு மாமி சொன்ன மெக்கானிக் நானா. பாலத்தின் இணைப்புகள் தட், தட் என்று சில்லுக்குக் கீழே போயின. இந்தப் பாலம் 2009இல் திறந்தது, 396 மீற்றர். அதற்கு முன் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். தைத்த சட்டைகளைக் கட்டிக்கொண்டு பாதைக்குக் காத்துநின்ற கதையை அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

நானா நான் சொன்னதை முழுவதும் கேட்டார். நியூட்ரல், திருப்பம், ரயர் மாற்றியது, அம்மாவின் குதி எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஜக் வைத்துத் தூக்கினார். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை. என் நெஞ்சு விழுந்துவிட்டது. "தொடக்கத்தில் ஆட்டம் வராது, தங்கச்சி. கையைக் கொண்டுவாங்கள்" என்றார்.

வலது பக்கம் முதலில். சுருள்வில்லில் என் உள்ளங்கையை வைக்கச் சொல்லிவிட்டுச் சில்லைக் கையால் சுழற்றினார். ஒன்றும் தெரியவில்லை, வழுவழுவென்று ஓடியது. பிறகு இடது பக்கம். வில்லுக்குள் மணல் உருளுவது போல உள்ளங்கை முழுவதும் நறநறத்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. பதினான்கு நாளாகத் தேடியதை அப்போதுதான் தொட்டேன்.

"கண்டிக்குப் போய்வர எவ்வளவு தாங்கும்?"

"போகவும் செய்யும், போகாமலும் விடும். அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம்."

மார்ச் 11, திங்கள்

பேரிங் இங்கே இல்லை. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் அனுப்புகிறார்களாம். பிறை பார்க்கிறார்கள், நாளை நோன்பு தொடங்கிவிடும். நோன்பிலும் செய்து தருவதாக நானா சொன்னார்.

அம்மாவுக்குக் காய்ச்சல் 100.4. எழுதி வைத்திருக்கிறேன்.

மார்ச் 12, செவ்வாய்

அதிகாலை ஐந்துக்கு பஸ் நிலையத்தில் நின்றேன். பெட்டி உள்ளங்கைக்குள் அடங்கியது. எட்டு மணிக்குக் கிண்ணியா.

நடு நட்டைக் கழற்ற மட்டும் அரை மணி நேரம். உப்புக்காற்று ஊர், எல்லாம் துருவில் ஒட்டிப்போயிருந்தது. பாகத்தை முழுதாக இறக்கி, பிரஸ்ஸில் வைத்து அமுக்கினார். வெடிபோல ஒரு சத்தம், பழையது பிரிந்து வந்தது. துடைக்காமலே என்னிடம் நீட்டினார். கிறீஸ் பால் தேநீர் நிறத்தில் நீர்த்திருந்தது. உள்வளையத்தில் குண்டுகள் ஓடும் தடம் கண்ணாடிபோல இருக்க வேண்டும். அதில் ஒரு பக்கம் அரிசி அளவில் பொத்துப்போயிருந்தது. ஒவ்வொரு குண்டும் அந்தக் குழியில் விழுந்து ஏறியிருக்கிறது, அறுபதில், எழுபதில், இத்தனை நாளாக.

"தண்ணீருக்குள் ஓட்டினீர்களா?" என்றார்.

மார்கழியில் ஓட்டினேன். முழங்கால் தண்ணீர். அன்று இரவு அம்மாவுக்கு 103. அம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். அன்று உள்ளே போன தண்ணீர்தான் இது. மறுபடி அப்படி ஓர் இரவு வந்தாலும் அதே வீதியால்தான் போவேன்.

வெயிலில் நானாவின் உதடு வெடித்திருந்தது. தண்ணீர்ப் போத்தலை நான் பைக்குள் மறைத்துவைத்திருந்தேன். "குடியுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை" என்றார். வெளியே போய்க் குடித்தேன்.

மார்ச் 13, புதன்

அறுபது. எழுபது. எண்பது. வலம், இடம். ஒன்றும் இல்லை.

பின் இருக்கையில் ஸ்கான் படங்களின் பெரிய உறை மெத்தையில் உரசும் சத்தம்கூடக் கேட்கிறது. அதை மடித்த துணியின் கீழ் வைத்துவிட்டேன்.

காய்ச்சல் இல்லை. இரண்டரைக்குக் கிளம்ப வேண்டும். பழைய பேரிங்கை அம்மா தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், விரலால் உருட்டி உருட்டிக் காதில் வைத்துப் பார்க்கிறார்.

மார்ச் 14, வியாழன்

கந்தளாயில் நிறுத்தி, நானா சொன்னபடி சில்லு நட்டுகளை இறுக்கிப் பார்த்தேன். ஒன்றும் தளரவில்லை. அதற்கப்பால் ஒரு யானை, ஓரமாக, தனியாக. வெளிச்சத்தைத் தாழ்த்திவிட்டு நின்றோம். அம்மா விழித்துக்கொண்டார், பேசவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஏழுக்குக் கண்டி. எங்கள் எண் 43. இப்போது 17ஐக் கூப்பிடுகிறார்கள்.