ஒண்டினியின் சுட்ட தரைகள்

ஷாகா, செட்ஷ்வாயோவுக்குப் பெரியப்பா முறை. தென்னாப்பிரிக்காவின் ஜூலு மன்னர் என்றாலே பெரியப்பாவின் பெயர்தான் உலகெங்கும் சொல்லப்படுகிறது. ஆனால் பிரிட்டிஷ் பேரரசின் படையை ஒரே நாளில் முறியடித்து, அடுத்த ஆறு மாதங்களுக்குள் அரசையே இழந்த தம்பி மகனின் கதைதான் எனக்குக் கூடுதல் ஈர்ப்பாக இருந்தது. அவருடைய தலைநகர் இருந்த இடத்தைக் காண்பதற்காகவே டர்பனிலிருந்து வடக்கே உலுண்டிக்குப் புறப்பட்டேன். கடலோரம் நெடுகக் கரும்பு. 1860 முதல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தது, அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த இந்த நெட்டால் மண்ணில்தான். எஷோவே ஊரைக் கடந்த பிறகு கரும்பு குறைந்து, புல் மூடிய குன்றுகளும் முள்மரங்களும் தொடங்குகின்றன.

உலுண்டிக்கு அருகே உள்ள ஒண்டினி, 1873இல் முடிசூடிய செட்ஷ்வாயோ எழுப்பிய அரச குடியிருப்பு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட புற்குடில்கள் பெரும் நீள்வட்டமாக நின்ற இடம் அது. இன்று மன்னரின் குடும்பம் வாழ்ந்த பகுதி மட்டும் மீண்டும் கட்டப்பட்டிருக்கிறது. குவிமாடம்போல் கவிழ்ந்திருக்கும் குடிலுக்குள் முதுகை வளைத்துத்தான் நுழைய வேண்டும். அரசரைப் பார்க்க வந்த எவரும் குனியாமல் உள்ளே வந்திருக்க முடியாது.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை புதிய குடில்கள் அல்ல, பழைய தரைகள். புற்றுமண்ணும் சாணமும் கொண்டு நம் கிராமத்து வீடுகளைப்போல் மெழுகப்பட்ட அந்தத் தரைகள், 1879 ஜூலை 4 அன்று பிரிட்டிஷ் படை ஊரைக் கொளுத்தியபோது சுட்ட செங்கல்லாக இறுகிப்போயின. நடுவில் அடுப்பைச் சுற்றி எழுப்பிய மண்விளிம்புகூட அடையாளம் தெரிகிறது. ஊரை அழிக்க வைத்த தீயே அதன் தடயத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

செட்ஷ்வாயோ சாந்தசொரூபி என்று சொல்ல வரவில்லை. அரியணைப் போட்டியில் 1856இல் துகேலா ஆற்றங்கரையில் தம் சகோதரர் ம்புயாசியைப் போரிட்டு வீழ்த்தியவர் அவர். அங்கே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆயினும் பிரிட்டனுடனான போர் அவர் விரும்பித் தேடியதன்று. 1878 டிசம்பரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் பார்ட்டில் ஃப்ரேர் விதித்த நிபந்தனைகளில், வயதுவாரியாக இளைஞர்களைச் சேர்த்த படையமைப்பைக் கலைக்க வேண்டும் என்பதும் ஒன்று. அந்த அமைப்பைச் சுற்றியே திருமணமும் உழைப்பும் ஆட்சியும் இயங்கியதால், அதற்கு இணங்கும் மன்னர் மன்னராக நீடிக்க இயலாது. மறுப்பு வரும் என்று தெரிந்தே கேட்கப்பட்ட கேள்வி அது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒண்டினியிலிருந்து மேற்கே இசாண்டில்வானாவுக்குச் சென்றால் அதன் விளைவைக் காணலாம். தனியே எழுந்து நிற்கும் பாறைக்குன்றின் அடிவாரத்தில், புல்வெளியில் அங்கங்கே வெள்ளை பூசிய கற்குவியல்கள். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் அவற்றின் கீழே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1879 ஜனவரி 22 அன்று, தளபதி செம்ஸ்ஃபோர்டு படையைப் பிரித்துக்கொண்டு வெளியே போயிருந்த வேளையில், ந்ட்ஷிங்வாயோவின் தலைமையில் ஏறத்தாழ 20,000 ஜூலு வீரர்கள் முகாமைச் சூழ்ந்தனர். மாலைக்குள் பிரிட்டிஷ் தரப்பில் 1,300க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்து கிடந்தனர். ஜூலு வீரர்களுக்கான நினைவுச்சின்னம் 1999இல்தான் எழுந்தது. வீரர்கள் அணியும் கழுத்தணியின் வடிவில் வெண்கலத்தில் வார்க்கப்பட்ட அந்தச் சின்னம் 120 ஆண்டுகள் தாமதமாக வந்திருக்கிறது.

வெற்றிச் செய்தி கேட்ட மன்னர் மகிழவில்லை. தம் நாட்டின் வயிற்றிலேயே ஈட்டி பாய்ந்துவிட்டதாக வருந்தினார் என்கிறார்கள். எல்லையைத் தாண்டி நெட்டாலுக்குள் நுழையக் கூடாது என்பதே அவர் படைக்கு இட்ட கட்டளை. அன்று மாலையே சிலர் அதை மீறி ஆற்றைக் கடந்து ரோர்க்ஸ் டிரிஃப்ட் காவல் நிலையைத் தாக்கித் தோற்றனர். லண்டன் பத்திரிகைகள் கொண்டாடியது அந்தச் சிறிய மோதலைத்தான்.

ஜூலை மாதம் உலுண்டிச் சமவெளியில் பிரிட்டிஷ் படை சதுரமாக அணிவகுத்துப் பீரங்கியாலும் கேட்லிங் துப்பாக்கியாலும் சுட்டது. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஆகஸ்டில் பிடிபட்ட செட்ஷ்வாயோ கேப் டவுன் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார், நாடு 13 துண்டுகளானது. 1882இல் லண்டன் சென்று விக்டோரியா அரசியை நேரில் சந்தித்து நியாயம் கேட்டார். அவரைக் காட்டுமிராண்டியாக எதிர்பார்த்துத் தெருவில் கூடிய மக்கள், நன்றாக உடுத்திய கண்ணியமான மனிதரைக் கண்டு ஆரவாரித்தனர். மறு ஆண்டு அவருக்குத் திருப்பித் தரப்பட்டது நாட்டின் ஒரு பகுதி மட்டுமே. பிரிட்டனின் ஏற்பாட்டில் வலுப்பெற்றிருந்த ஜூலு குறுநிலத் தலைவர் சிபெபு அவரைத் தாக்கியபோது ஒண்டினி இரண்டாம் முறை எரிந்தது. காயத்தோடு தப்பிய மன்னர் 1884 பிப்ரவரியில் எஷோவேயில் காலமானார். இதய நோய் என்றனர் மருத்துவர்கள். நஞ்சு என்று சந்தேகித்தனர் அவருடைய மக்கள். உடல் ந்காண்ட்லா காட்டுப் பகுதியில் அடக்கம் செய்யப்பட்டது.

அவருடைய மகன் டினுசுலுவைச் செயின்ட் ஹெலினா தீவுக்கு நாடுகடத்தியும் வம்சம் அறுபடவில்லை. அந்த வழியில் வந்த மிசுசுலு, 2022 அக்டோபரில் டர்பன் விளையாட்டரங்கில் குடியரசுத் தலைவரிடமிருந்து மன்னருக்கான அங்கீகாரச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டார்.