மயானத்தில் உதடசைத்த அரிச்சந்திரன்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து நான்கு நாளாகிறது. தமிழ் ஏ, நாடகமும் அரங்கியலும் பி, புவியியல் சி. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு அந்த பி மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய தேங்காய்ப்பூவாக உறுத்துகிறது. "நாடகம் எடுத்தால் ஏ சும்மா வரும்" என்று சொல்லி எங்களை இந்தப் பாடத்துக்குள் தள்ளிவிட்ட அண்ணன்மார் யாரும் அதில் ஏ எடுக்கவில்லை என்பதைப் பிறகுதான் விசாரித்து அறிந்தேன்.

இனி நாடகம் எடுக்கப்போகும் தம்பிமாரே, பாடத்திட்டத்தை இங்கே விளக்கப்போவதில்லை. அது உங்கள் கையில் இருக்கும். வகுப்பில் எதற்குப் புள்ளி விழுகிறது, எதற்கு விழாது என்பதை மட்டும் சொல்கிறேன். இதை எனக்கு யாரும் நேரத்தோடு சொல்லவில்லை.

எங்கள் ஆசிரியர் பாடசாலைத் தவணைக்கு ஓர் ஆற்றுகைக்கு, அதாவது மேடையில் நடித்துக் காட்டுவதற்கு, புள்ளியிடுவார். புள்ளித்தாள் அவரே தயாரித்தது. ஒத்திகை, குரல், உடல், எதிர்வினை, ஒத்திகைக் குறிப்புக் கொப்பி என்று ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 20. முதல் நாளே அதைச் சுவரில் ஒட்டிவிட்டார். நாங்கள் அதன் மேல் மழைக்கோட்டைத் தொங்கவிட்டோம்.

இரண்டாம் தவணைக்கு அரிச்சந்திர மயான காண்டத்தில் ஒரு துண்டு கிடைத்தது. வடபகுதியில் இந்தக் காட்சியைத் தொட்டால் இசைநாடக நடிகர் காங்கேசன்துறை வி.வி. வைரமுத்துவின் பெயரைச் சொல்லாமல் யாரும் நகரமாட்டார்கள். என் அம்மப்பா அவருடைய ஆட்டத்தைக் கோயில் வீதியில் விடிய விடியப் பார்த்தவர். அதனால் அரிச்சந்திரன் வேடம் எனக்கு என்று நானே முடிவுசெய்துகொண்டேன். ஆண்கள் பாடசாலை. சந்திரமதியாக என் வகுப்புத் தோழன் நின்றான். அவனுக்குச் சுருதி சேராது, வசனமும் நிற்காது. எனக்கோ இரண்டே நாளில் முழு எழுத்துருவும், அதாவது நாடகப் பிரதி முழுவதும், மனப்பாடம். என் பகுதி, அவன் பகுதி, பின்பாட்டுக்காரர் பகுதி, எல்லாம்.

ஆற்றுகை அன்று குரல் மண்டபத்தின் கடைசி வாங்கு வரை போனது. கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கும் இடத்தில் கீழ்வகுப்புப் பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. தோழன் நடுவில் ஒரு வரியை மறந்து, மடியில் கிடந்த துணிப்பிள்ளையைப் பார்த்தபடி அப்படியே இருந்தான். நான் மனதுக்குள் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

தாள் வந்தது. ஒத்திகை 18, குரல் 17, உடல் 11, எதிர்வினை 4, கொப்பி 11. மொத்தம் 61. வசனம் மறந்தவனுக்கு 74.

நேரே ஆசிரியர் அறைக்குப் போனேன்.

"சேர், நாலு என்று போட்டிருக்கிறீர்கள். நான் ஒரு வரிகூட விடவில்லையே."

"தம்பி, நீர் ஒரு வரியும் விடவில்லை. அவனுடைய வரியையும் விடவில்லை."

எனக்கு விளங்கவில்லை. யாரோ கைபேசியில் எடுத்த காணொளியை அவர் போட்டுக் காட்டினார். சந்திரமதி பிள்ளையை மடியில் கிடத்தி ஒப்பாரி வைக்கிறாள். இரண்டு அடி தள்ளிக் கோலூன்றி நிற்கும் மயானக் காவலாளியின் உதடுகள் அவளுடைய ஒப்பாரியைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. வரிக்கு வரி. அவள் வரியை மறந்து நிற்கும் இடத்தில் அவன் உதடு மட்டும் தொடர்ந்து போகிறது. எங்கோ ஓர் ஒப்பாரி கேட்டுத் திடுக்கிட வேண்டிய மனிதன், பாட்டுப் புத்தகத்தோடு கச்சேரிக்கு வந்தவன் போல் நிற்கிறான். அறையிலிருந்த மற்ற ஆசிரியர்களும் பார்த்தார்கள். ஒருவர் சிரிப்பை அடக்கத் தேநீர்க் கோப்பையைத் தூக்கினார்.

"அவன் மறந்தபோது பிள்ளையைப் பார்த்தான். எனக்கு அது அழுகை நின்றுபோன தாயாகத் தெரிந்தது," என்றார். அந்த நியாயம் எனக்கு இன்றுவரை முழுதாக ஒப்பில்லை. மறதி மறதிதான். ஆனால் என் உதட்டுக்கு நான் எந்த வக்காலத்தும் வாங்க முடியாது.

இதிலிருந்து நான் மீண்டது ஒரே ஒரு வழியில். எழுத்துருவை அப்படியே படிப்பதை விட்டேன். கொப்பியில் என் வசனங்களை மட்டும் எழுதினேன். மற்றவருடைய வசனத்தில் கடைசி இரண்டு சொற்கள் மட்டும். அதற்கு முன் வெறும் கோடு. கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாததால் மேடையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. மூன்றாம் தவணையில் எதிர்வினைக்கு 15 கிடைத்தது. உயர்தர வகுப்பு முழுவதிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் இதுதான். மற்றதெல்லாம் மறந்தாலும் இதைச் செய்யுங்கள். மறதிக்காரர்களுக்கு இது உதவுமா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு அந்த வியாதி இல்லை.

செய்முறைக்கு இன்னும் சில:

- ஒத்திகைப் புள்ளி சும்மா கிடைப்பது. மழை நாளிலும் போங்கள்.
- கொப்பியை ஆற்றுகைக்கு முதல் இரவு எழுதினால் மையின் நிறமே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு ஒத்திகை முடிந்ததும் நான்கு வரி: என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம். "இன்று ஒத்திகை சிறப்பாக நடைபெற்றது" என்பதற்குப் புள்ளி இல்லை. நான் அப்படி ஒன்பது நாள் எழுதியிருந்தேன்.
- ஒப்பனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். வேட்டியும் சால்வையும் போதும். ஊசிகள் மட்டும் ஒன்றுக்கு இரண்டாக வைத்திருங்கள்.
- அரங்க விளையாட்டுகளில் வெட்கப்பட்டு ஓரத்தில் நிற்பவர்களை ஆசிரியர் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

எழுத்துத் தாளில்தான் என் ஏ போயிருக்க வேண்டும். பெறுபேற்றில் ஒற்றை எழுத்துத்தான் வருகிறது, பிரித்துப் பார்க்க முடியாது. ஆனாலும் பாடசாலை மாதிரிப் பரீட்சையில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோது பார்வையாளருக்கு என்ன மாறியது என்று ஒரு வினா. பெயரைக் கண்டவுடன் கை தானாக ஓடியது: பேராதனைப் பல்கலைக்கழகம், 1962இல் கர்ணன் போர், பிறகு இராவணேசன், வாலிவதை, வாழ்க்கை வரலாறு எல்லாம். ஒன்றரைப் பக்கம். கேட்டதோ பார்வையாளரைப் பற்றி. வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தைச் சுற்றி நாற்புறமும் இருந்து, இடையில் எழுந்து போய்த் தேநீர் குடித்து வந்து விடியும்வரை பார்த்தவர்கள், முன்புறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு எதிரே ஒரே திசையில் அமர்ந்து, சுருக்கப்பட்ட கூத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆடுபவரும் நாற்புறமும் காட்டிய ஆட்டத்தை ஒருபுறம் திருப்ப வேண்டியிருந்தது. இதை எழுத ஏழு வரி போதும். என் ஒன்றரைப் பக்கத்துக்கு 15க்கு 5.

அதன்பிறகு நான் வைத்த விதிகள், சரியாகப் பின்பற்றாதவை:

- கதைச்சுருக்கம் எழுதாதீர்கள். திருத்துபவருக்குக் கிரேக்க நாடகமான ஈடிப்பஸின் கதை தெரியும்.
- கூத்தின் இரு பாணிகளில் வடமோடியில் ஆட்டம், தென்மோடியில் பாட்டு என்ற வரியை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு கூத்தின் ஒரு கணத்தை அதன் கீழே வையுங்கள். பார்க்காவிட்டால் பங்குனி, சித்திரையில் ஏதாவது ஒரு கோயிலுக்குப் போங்கள். எங்கள் பக்கம் காத்தவராயன் கூத்தாவது கிடைக்கும்.
- ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1898இல் பிறந்தார் என்பதால் யாருக்கும் புள்ளி கிடைத்ததில்லை. பார்வையாளரைக் கதையில் மூழ்கவிடாத அவருடைய தூரப்படுத்தலுக்கு ஓர் உதாரணம் சொல்லத் தெரிய வேண்டும்.
- துன்பியல் நாடகத்துக்கு அரிஸ்டோட்டில் சொன்ன ஆறு கூறுகளை வரிசையாக ஒப்புவிப்பது எளிது. கண்ணுக்குத் தெரியும் மேடைக் காட்சியை அவர் ஏன் கடைசியில் தள்ளினார் என்று யோசித்து வைத்திருங்கள்.
- 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரி, 1985இல் மண் சுமந்த மேனியர் நாடகம்: ஆண்டுகளைப் படியுங்கள், ஆனால் விடையை ஆண்டில் தொடங்காதீர்கள்.

நேற்றுச் சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். என் பெறுபேற்றைக் கேட்டுவிட்டு "நல்லது" என்றார். அடுத்த கேள்வி, "சந்திரமதிக்கு என்ன?"

ஏ.

அவனுக்கு இன்னும் வாழ்த்துச் சொல்லவில்லை. நாளை மாலை கோயிலடியில் பார்ப்பேன். என் கோட்டுக் கொப்பியைத் தன் தம்பிக்குக் கேட்டிருக்கிறான், கொடுக்கத்தான் வேண்டும்.