போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை என் கணக்குக்கு வந்து சேர்ந்த வழி

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியைச் சேர்ந்த மாணவரின் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருந்தால், பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கு அவர் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை பெறலாம். அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-இல் தொடங்கிய திட்டம் இது. 2023-இல் எங்கள் மாவட்டத் தலைநகரிலுள்ள ஓர் உதவிபெறும் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன், இப்போது இறுதியாண்டு. எனக்குத் தகுதி உண்டா என்பதில் ஒருநாளும் யாருக்கும் ஐயம் எழுந்ததில்லை. சாதிச் சான்றிதழில் இருப்பவளும் ஆதாரில் இருப்பவளும் வங்கிக் கணக்கில் இருப்பவளும் ஒருத்திதான் என்று காட்டுவதற்குத்தான் காலமெல்லாம் போயிற்று. வரும் ஆண்டில் கல்லூரியில் சேரவிருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று அதை எழுதுகிறேன்.

முதலில் வருமானச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் கேன் எனப்படும் குடிமக்கள் கணக்கு எண்ணைப் பதிவு செய்து, 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால், விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலேறி, வட்டாட்சியர் அலுவலகத்தில் மின்கையொப்பம் பெற்றுத் திரும்பும். கேட்பதற்கு எளிது. ஆனால் அதில் ‘ஆண்டு வருமானம்’ என்றொரு கட்டம் இருக்கிறது. அப்பா கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவர். அம்மாவுக்கு நடவும் களையெடுப்பும், அவை இல்லாதபோது நூறு நாள் வேலையும். எங்கள் வீட்டில் வாரக்கூலி உண்டு, மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. ஆண்டு வருமானம் என்று ஒன்றை யாரும் கூட்டிப் பார்த்ததே இல்லை. கிராம நிர்வாக அலுவலர், “வருஷத்துக்கு எவ்வளவும்மா வரும்?” என்று கேட்டபோது, “வேலை இருந்தா வரும் சார்” என்றார் அம்மா. உண்மையான பதில் அதுதான் என்றாலும் அதைக் கட்டத்தில் எழுத முடியாதே.

அலுவலர் பொறுமைசாலியாக வாய்த்தது எங்கள் நல்வாய்ப்பு. எங்களை உட்கார வைத்துக் கணக்குப் போட்டார். 2023-24-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாட்கூலி 294 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, முழுக் கூலியும் போடப்பட்டால்கூட 29,400 ரூபாய்க்கு மேல் வராது. எங்கள் தெருவில் அம்மாவுக்குத் தெரிந்து யாருக்கும் நூறு நாளும் கிடைத்ததில்லை. அப்பாவின் வேலை நாட்களை மாதத்துக்கு இத்தனை என்று ஊகித்து, மற்றதைச் சேர்த்து, ரேஷன் அட்டையைப் பார்த்து, நிலம் இல்லை என்பதைப் பதிவேட்டில் உறுதி செய்துகொண்டு, 72,000 ரூபாய் என்று பரிந்துரைத்தார். அந்த ஆண்டு வீட்டுக்கு வந்தது அவ்வளவுதானா, கூடுதலா, குறைவா என்று இன்றுவரை எங்களால் சொல்ல முடியவில்லை. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளப் பட்டியல் சாட்சி சொல்லும். தினக்கூலிக் குடும்பத்தின் சான்றிதழோ அலுவலரும் குடும்பமும் சேர்ந்து எட்டிய ஓர் உடன்பாடு என்பதே என் எண்ணம். அதனால், ஒருமுறை குறிக்கப்பட்ட தொகைக்கும் அடுத்த முறை சொல்லும் தொகைக்கும் காரணமில்லாத பெரிய வேறுபாடு வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுவது அதைவிட நல்லது. முடிவுகள் வெளியானபின் இ-சேவை மையத்தில் ஊரே நிற்கும்.

சாதிச் சான்றிதழ் என்று என்னிடம் இருந்தது ஆறாம் வகுப்பில் வாங்கிய, கையால் எழுதப்பட்ட அட்டை. உதவித்தொகை இணையதளமோ மின்கையொப்பமிட்ட சான்றிதழின் எண்ணைக் கேட்டது. பழைய அட்டையை இணைத்து விண்ணப்பித்ததில் புதியது தடையின்றிக் கிடைத்துவிட்டது. பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரே வழங்குவதால் மேலதிக அலைச்சல் இல்லை.

பெயரில்தான் சிக்கல் வந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் என் பெயரும் அதன்பின் இனிஷியலும். ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர், அதுவும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதலாக. வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. பள்ளியில் இந்த வேறுபாடுகளை எந்த ஆசிரியரும் பொருட்படுத்தியதில்லை. இணையதளம் முதல் படியிலேயே நிறுத்திவிட்டது. எதை எதற்கு ஏற்றபடி திருத்துவது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். மதிப்பெண் சான்றிதழில் திருத்தம் என்பது அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போகிற வேலை. ஆதாரில் பெயர் திருத்த அப்போது 50 ரூபாய்தான் கட்டணம், ஆனால் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் பெயரை மாற்ற விடமாட்டார்கள். ஆகவே மதிப்பெண் சான்றிதழை மூலமாக வைத்து, ஆதாரை அதற்கு ஒப்பத் திருத்தி, புதிய ஆதாரைக் காட்டி வங்கியில் பெயரை மாற்றினேன். வரிசை மாறினால் ஒரே வேலையை இருமுறை செய்ய நேரிடும். இனிஷியலுக்குப் பின் வரும் புள்ளியும் இடைவெளியும்கூட மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும் என்று ஆதார் மையத்தில் எழுதிக் கொடுத்தேன். தட்டச்சு செய்த அக்கா சிரித்தார், ஆனாலும் அப்படியே செய்து கொடுத்தார்.

கல்லூரி அலுவலகத்தில் முழுக் கட்டணத்தையும் முதலில் கட்டிவிடுமாறும், உதவித்தொகை வந்தபின் நாங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடியின, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்பதற்கு, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை 2012-இல் வெளியிட்ட அரசாணை எண் 92 வழிசெய்கிறது. முன்பணமின்றிச் சேர்வதற்கு ஃப்ரீஷிப் கார்டு என்னும் ஏற்பாட்டை ஒன்றிய அரசின் நெறிமுறைகளும் சொல்கின்றன. நான் அரசாணையின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்லூரியின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு: கட்டணம் ஜூனில் வேண்டும், உதவித்தொகை அந்தக் கல்வியாண்டு முடியும் தறுவாயில் வரும், இடையில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அந்தச் சுமையைக் கையாள் வேலைக்குப் போகிறவரின் மகள்மேல் ஏற்றுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தொகை வந்ததும் கட்டிவிடுவோம் என்று அப்பாவிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, சேர்க்கைக் கட்டணத்தையும் தேர்வுக் கட்டணத்தையும் மட்டும் பெற்றுக்கொண்டார்கள். அதற்கும் அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்தார்.

கடைசிச் சிக்கல் வங்கியில். 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இத்திட்டத்தின் செலவை ஒன்றியத்துக்கு 60, மாநிலத்துக்கு 40 என்ற விகிதத்தில் பிரித்தது. மாநிலம் தன் பங்கை விடுவித்தபின் ஒன்றியத்தின் பங்கு, ஆதார் இணைந்த கணக்குக்கு நேரடியாக வரும். தொகை இரண்டு தவணையாக வருவதன் காரணம் இதுதான். முதலில் குறைவாக வந்ததைப் பார்த்து அஞ்ச வேண்டாம். எனக்கு முதல் தவணை அனுப்பப்பட்டுவிட்டதாக இணையதளம் காட்டியது. என் பாஸ்புக்கிலோ ஒன்றும் இல்லை. பல நாட்களுக்குப் பிறகுதான் காரணம் விளங்கிற்று. கல்லூரியில் நடந்த முகாமில் வேறொரு வங்கி எங்கள் எல்லோருக்கும் ஏ.டி.எம். அட்டையுடன் புதுக் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தது. வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வரும் கணக்கு இதுவென்று என்.பி.சி.ஐ. எனப்படும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் பதிவில் ஆதாரை இணைப்பது வேறு. அப்படிக் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கே பணம் போகும். தொடாமல் வைத்திருந்த அந்தப் புதுக் கணக்கில் தொகை பத்திரமாகக் கிடந்தது. எந்த வங்கி இணைந்துள்ளது என்பதை மைஆதார் தளத்தில் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு யாரும் பார்த்துக்கொள்ளலாம். விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கட்டணம் தவிர, வீட்டிலிருந்து வந்து போகும் என்னைப் போன்ற பட்டப்படிப்பு மாணவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாயும், விடுதி மாணவருக்கு 6,000 ரூபாயும் கல்விப்படி உண்டு. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் எனக்கு 3,000 ரூபாய் புத்தகத்துக்கும் ஜெராக்ஸுக்கும் போதுமானதாக இருந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததனால், 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது. இரண்டையும் ஒருசேரப் பெறத் தடையில்லை. ஒன்றை வாங்கினால் மற்றொன்று நின்றுவிடும் என்று பயந்து விண்ணப்பிக்காத தோழிகள் எனக்கு உண்டு.

இரண்டாம் ஆண்டிலிருந்து புதுப்பித்தல் மட்டும்தான். ஆவணங்கள் ஏற்கெனவே ஒன்றோடொன்று பொருந்தியிருந்ததால் துறை அலுவலகத்தில் ஒரே அமர்வில் முடிந்துவிட்டது. இந்த ஆண்டு என் தம்பி பிளஸ் டூ எழுதுகிறான். அவனுடைய ஆதாரில் அப்பா பெயருக்கு அந்தக் கூடுதல் எழுத்து இன்னும் இருக்கிறது. பொதுத்தேர்வு முடிந்த மறுவாரம் ஆதார் மையத்துக்கு அழைத்துப் போகிறேன்.