கால் ஊறும் 20 நிமிடம்

இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று கோயிலில் சாமியார் பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வருவார்கள். அழுக்குக் காலைச் சாமியார் முன் நீட்ட யாருக்கு மனம் வரும்?

ஐடா ஸ்கடர் 1900-ல் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) குறிக்கோள் பைபிளின் மாற்கு 10:45-லிருந்து வந்தது: ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய. பக்கத்துக் கரிகிரியில் 1955-ல் தொழுநோய் மருத்துவமனை எழுந்தது. தொழுநோய்ப் பிரிவில் காலைத் தொடுவது அன்றாட வேலை.

முதலில் தண்ணீர். வெந்நீர் கூடவே கூடாது. தொழுநோயில் நரம்பு கெட்டு உணர்ச்சி போன காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியவரும். சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறட்டும். நரம்பு கெட்ட காலில் வியர்வை நின்று, தோல் காய்ந்து வெடிக்கும். ஊறிய காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்தெடுக்க வேண்டும். விட்டுவைத்தால் அது ஒவ்வொரு அடிக்கும் உள்சதையை நசுக்கி, கீழே புண் வைக்கும். விரலிடுக்கை நன்றாகத் துடைத்துவிட்டு, மற்ற இடங்களில் ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய். எண்ணெய் ஈரத்தைத் தராது, ஊறிய ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஊறவைக்காமல் தடவினால் பளபளப்புதான் மிச்சம்.

பெரிய டாக்டர் கட்டில் பக்கம் நின்றபடி "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டால், "பரவாயில்லைங்க" என்றே பதில் வரும். பொய்யில்லை, வலியே இல்லையே! முக்காலியில் உட்கார்ந்து, காலை மடியில் தூக்கிவைத்து, புறங்கையால் தடவிப் பார்த்தால்தான் ஓரிடம் மட்டும் சூடாயிருப்பது தெரியும். உள்ளே ஏதோ கிளம்புகிறது என்று அர்த்தம். குனியாதவருக்கு நோயே பிடிபடாது. இங்கே தாழ்மை என்பது பாதி தொழில்திறமை. தலைவர் குனியாத வார்டில் இளையவர்களும் சீட்டைப் பார்த்தே மருந்து எழுதப் பழகிவிடுவார்கள்.

"நீங்க போய்த் தொடலாமா டாக்டர்?" என்று காலை இழுத்துக்கொள்பவர்கள் உண்டு. இயேசு கால் கழுவ வந்தபோது சீடர் பேதுருவும் அப்படித்தான், "ஒருக்காலும் கழுவப்படாது" என்றார். அப்போது பிரசங்கம் உதவாது. யோவான் 13-ல் இயேசுவும் எல்லாருடைய கால்களையும் கழுவித் துடைத்து, திரும்ப உட்கார்ந்த பிறகே விளக்கம் சொல்கிறார். மடியில் துண்டை விரித்துக் காத்திருந்தால் போதும், கால் தானே வரும்.

கடைசியில் எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு. அதில் ஆணி இருக்கக் கூடாது, பின்வார் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்துவிடுவார்கள். போட்டுவிடுமுன் உள்ளே கைவிட்டு, முள்ளோ சிறுகல்லோ சிக்கியிருக்கிறதா என்று விரலால் துழாவ வேண்டும், அது எவ்வளவு பழைய செருப்பாக இருந்தாலும்.