‘எப்போதாவது’ என்ற ஒரு சொல்

மே 4, 2025, ஞாயிறு

டொரொன்டோவில் இருக்கும் அக்காளிடமிருந்து அழைப்பிதழ் வந்துவிட்டது; ஆடி பிறப்பதற்கு முன்பாக, ஜூலை 5ஆம் தேதி அவர் மகளுக்குத் திருமணம். அம்மா, மனைவி, ஒன்பது வயது மகள், நான் என நால்வரும் போவதென்று காலை உணவு முடிவதற்குள் தீர்மானமாயிற்று. சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களிடம் கனடா விசா கேட்பதில்லை. ஏழு கனடிய டாலர் கட்டி இணையத்தில் பயண அனுமதி பெற்றால் போதும். மற்ற மூவரின் படிவங்களையும் நிரப்பி முடித்து என்னுடையதைத் திறந்தபோது, எந்த நாட்டிலாவது எப்போதாவது குற்றம் புரிந்தோ, கைதாகியோ, குற்றம் சாட்டப்பட்டோ, தண்டிக்கப்பட்டோ இருக்கிறீர்களா என்று ஒரே கேள்வியில் நான்கையும் அடுக்கியிருந்தார்கள். மடிக்கணினியை மூடிவிட்டேன்.

மே 5, திங்கள்

2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம் நமக்கு அதிகாலை இரண்டரை மணிக்குத் தொடங்கியது. எனக்கு இருபத்திரண்டு வயது. கட்டாய இராணுவப் பணியான தேசிய சேவையை முடித்த கையோடு, நண்பர்களுடன் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழிருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். கூடுதல் நேரத்தில் ஸ்பெயின் அடித்த கோலுக்குப் பிறகு பக்கத்து மேசையிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு நான் கையால் பதில் சொன்னேன். அந்த மனிதரின் உதடு கிழிந்தது. வேண்டுமென்றே காயம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு, 1,500 சிங்கப்பூர் வெள்ளி அபராதம், அவ்வளவுதான். அன்று கீழ்நிலை நீதிமன்றங்கள் எனப்பட்டவை 2014இல் அரசு நீதிமன்றங்களாகப் பெயர் மாறின. அதற்குச் சற்றுப் பின் என் குற்றப் பதிவும் மறைந்தது.

மறைந்தது என்பது சட்டப்படி. அபராதம் 2,000 வெள்ளியைத் தாண்டாமல், அடுத்த ஐந்தாண்டுகள் வேறு குற்றமின்றிக் கழிந்தால், இத்தகைய சிறு குற்றத்தின் பதிவு தானாகவே காலாவதியாகிவிடும். அதன் பிறகு குற்றப் பதிவு உண்டா என்று இங்கே கேட்பவரிடம் இல்லை என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. 2017இல் வேலை மாறியபோது அப்படித்தான் எழுதினேன், பொய் சொன்ன உறுத்தலும் இல்லை. ஆனால் கனடாவின் படிவம் பதிவு இருக்கிறதா என்று கேட்கவில்லை, நடந்ததா என்று கேட்கிறது.

மே 7, புதன்

தேக்காவில் பயண முகவர் ஒருவரைப் பார்த்தேன். ‘இல்லன்னு போட்டுட்டுப் போங்க சார், பதினஞ்சு வருசத்துக்கு முந்தின கதைய யாரு தோண்டப் போறா?’ என்றார். நியூயார்க் வழியாகப் போகலாம் என்றும் சொன்னார். அமெரிக்க அனுமதிப் படிவம், பிறருக்குக் கடுமையான தீங்கோ சொத்துக்குப் பெருஞ்சேதமோ விளைவித்த குற்றத்தைப் பற்றித்தான் கேட்கிறது; கிழிந்த உதடு அதில் சேருமா என்று எனக்கு நானே வழக்காட வேண்டியிருக்கும். எந்த வழியாகப் போனாலும் கனடாவின் கேள்வி அப்படியேதான் நிற்கும். அங்கே பொய் சொல்லிப் பிடிபட்டால் ஐந்தாண்டுகள் நுழையத் தடை. அடித்ததற்குக் கிடைக்காத தண்டனையை மறைத்ததற்காக வாங்குவானேன்?

மே 11, ஞாயிறு

அன்றைய தாள்கள் எதுவும் என்னிடம் இல்லை. அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் பேசாமல் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய ரொட்டி டின்னை இறக்கினார். என் பிறப்புச் சான்றிதழுக்குக் கீழே, நான்காக மடித்த அபராத ரசீதும் குற்றச்சாட்டுத் தாளும் இருந்தன. ‘கோர்ட்டுக் காகிதத்த எறியக் கூடாதுன்னு உங்கப்பா சொல்லிட்டுப் போனாரு தம்பி’ என்றார். அப்பா என்னிடம் அதைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

மே 13, செவ்வாய்

‘ஆம்’ என்று குறித்து, நடந்ததை ஆறு வரிகளில் எழுதி அனுப்பினேன். மற்ற மூவருக்கும் சில நிமிடங்களில் அனுமதி வந்தது. எனக்கு வரவில்லை.

மே 16, வெள்ளி

நீதிமன்றத் தாள்களையும் காவல்துறைச் சான்றிதழையும் கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது. இதற்குள் நான் கொஞ்சம் படித்துவிட்டேன். குற்றம் ஒன்றே ஒன்றாக இருந்து, அதே செயலுக்குக் கனடாவில் விதிக்கக்கூடிய உச்சத் தண்டனை பத்தாண்டுக்குக் குறைவாக இருந்து, தண்டனையை முடித்துப் பத்தாண்டுகள் ஆகியிருந்தால், அந்த நபர் திருந்திவிட்டதாகக் கருதும் ஏற்பாடு அவர்களிடம் இருக்கிறது. சாதாரணத் தாக்குதலுக்கு அங்கே உச்சம் ஐந்தாண்டு. அபராதம் கட்டிய தேதியிலிருந்துதான் எனக்குக் கணக்கு. ஆகவே அந்த ரசீதுதான் எல்லாம். மதுபோதையில் வண்டி ஓட்டியவர் நிலைமை என்னைவிட மோசம்: 2018 டிசம்பரில் அதன் உச்சத் தண்டனையைப் பத்தாண்டாக உயர்த்திவிட்டதால், அதற்குப் பின் பிடிபட்டவருக்கு எத்தனை ஆண்டு போனாலும் இந்தச் சலுகை தானாகக் கிடைக்காது. அலுவலகத்தில் ஒருவருக்கு இதைச் சொல்ல வேண்டும்; எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மே 27, செவ்வாய்

சிங்கப்பூர்க் குடிமகன் காவல்துறைச் சான்றிதழைப் பெற, கேட்கும் வெளிநாட்டு அமைப்பின் கடிதத்தைக் காட்ட வேண்டும்; கட்டணம் 55 வெள்ளி. ஊட்ரம் பார்க் நிலையத்தில் இறங்கி, காவல்துறை கண்டோன்மன்ட் வளாகத்துக்கு நடந்தேன். வேலைக்கும் படிப்புக்கும் வெளிநாடு போகிறவர்கள் கோப்புகளுடன் காத்திருந்தார்கள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணாடியில் அழுத்திய பெண், ‘கையைத் தளர்வாக விடுங்கள்’ என்று இருமுறை சொன்னார். 2010இலும் இதையேதான் சொன்னார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது. இரண்டே வரிகள். பிற்பகல் முழுவதும் வேலை ஓடவில்லை.

ஜூலை 1, செவ்வாய், வான்கூவர்

அனுமதி இருந்தாலும் முடிவு நுழைவாயில் அதிகாரியின் கையில்தான் என்பதால், தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். அதிகாரி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 2010இல் என்ன நடந்தது என்று கேட்டார். மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காற்பந்து பார்க்கும்போது ஒருவரை அடித்தேன், அபராதம் கட்டினேன் என்றேன். ரசீதைப் பார்த்துவிட்டு முத்திரையிட்டார். டொரொன்டோ விமானத்துக்கு நடக்கும்போது மகள் எதுவும் கேட்கவில்லை, இரவு கேட்பாள். சக்கர நாற்காலியிலிருந்து அம்மா கை நீட்டினார். ‘அந்தக் காகிதத்த இப்படிக் கொடு தம்பி, நீ தொலச்சிருவ.’ வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.