ஆர்.டி.இ.-யில் படித்த பெண்ணுக்கும் புதுமைப் பெண் உதவித்தொகை உண்டு

என் மகள் 2025-ல் பி.எஸ்சி. சேர்ந்தாள். மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டத்துக்குப் பெயர் கொடுக்கப் போனால், கல்லூரியில் அதைப் பார்த்துக்கொள்ளும் பேராசிரியை முடியாது என்றுவிட்டார். "ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும்மா. உங்க பொண்ணு எட்டாவது வரைக்கும் மெட்ரிக் பள்ளி."

மெட்ரிக் பள்ளிதான். ஆனால் அங்கே படிக்க வைத்தது அரசு. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். அவர்களுக்கான கட்டணத்தை அரசு பள்ளிக்குக் கொடுத்துவிடும். ஆர்.டி.இ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அப்படித்தான் 2013-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். அந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாவதுக்கு முழுக் கட்டணம் கேட்டார்கள். தையல் வருமானத்தில் அது நடக்கிற காரியமா? பக்கத்திலிருந்த அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றினோம். எங்களைப் போல மாற்றிய குடும்பங்கள் ஏராளம்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே திட்டத்தின் விதியில் ஒரு வரி இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை தனியார் பள்ளியில் ஆர்.டி.இ.-யின் கீழ் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதி உடையவர்கள். 1989-ல் திருமண உதவியாகத் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை 2022-ல் புதுமைப் பெண் என்ற உயர்கல்வி உதவியாக மாற்றியபோது, கல்வி உரிமைச் சட்டத்தையும் நினைவில் வைத்து இதைச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் விண்ணப்பத்தைக் கல்லூரி வழியாகத்தான் போட முடியும். அங்கே இருப்பவருக்கு அந்த வரி தெரியாவிட்டால் நம் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டேன். "தாராளமா உண்டும்மா, ஆர்.டி.இ.-யில படிச்சதுக்குச் சான்று மட்டும் வேணும்" என்றார்கள். சிக்கலே அந்தச் சான்றில்தான். மாற்றுச் சான்றிதழில் ஆர்.டி.இ. என்று ஒரு வார்த்தைகூட இல்லை. பள்ளிக்கல்வித் துறை கணினியில் வைத்திருக்கும் மாணவர் விவரமான எமிஸ் பதிவிலும் ஆறு, ஏழு, எட்டுக்கு நேரே தனியார் பள்ளி என்றுதான் இருந்தது. பழைய பள்ளியில் கேட்டால், படித்ததாகச் சான்று தருவோம், ஆர்.டி.இ. என்று எழுதித் தர மாட்டோம், பழைய பதிவேடு கைவசம் இல்லை என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. எட்டு வருஷம் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி அரசிடம் பணம் கேட்டவர்கள் அவர்கள்தானே?

அந்தக் கேள்வியே வழியையும் காட்டியது. பள்ளி பணம் கேட்டிருந்தால், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் கல்வித்துறையிலும் இருக்கத்தானே வேண்டும்? தனியார் பள்ளிகளுக்கென்று தனியாக ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். அந்த அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். மகளின் பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண், சேர்ந்த வருஷம், பள்ளியின் பெயர் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதியிருந்தேன். அங்கிருந்த எழுத்தர் பழைய கோப்புகளைத் தேடி எடுத்து, வருஷவாரியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். "இந்தா இருக்கு பாருங்கம்மா" என்று திருப்பிக் காட்டினார். அவள் பெயரும் வகுப்பும், பக்கத்திலேயே அரசு கொடுத்த தொகையும். அந்தப் பக்கத்தின் நகலைக் காட்டியதும் பள்ளியில் மறுபேச்சு இல்லை. ஆர்.டி.இ. என்று எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தார்கள்.

அப்புறம் வங்கிக் கணக்கு. பாஸ்புக்கில் ஆதார் எண் இருந்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் வர வேண்டுமானால் கணக்கு ஆதாரோடு, வங்கிகளுக்கிடையே பணம் போக உதவும் என்.பி.சி.ஐ. அமைப்பின் பதிவில் இணைந்திருக்க வேண்டும். ஆதார் இணையதளத்திலேயே எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். வங்கியில் தனியாகப் படிவம் கொடுத்து இணைத்தோம்.

பேராசிரியை சான்றைப் படித்துப் பார்த்து, விண்ணப்பத்தைப் பதிவேற்றினார். இப்போது பணம் வருகிறது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது என்பதால் இரண்டும் கிடைக்கின்றன. அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். 2024 டிசம்பரில் திட்டத்தை அந்தப் பள்ளிகளுக்கும் விரிவாக்கியதால் அவளுக்கும் வருகிறது. அதே பள்ளியில் படித்த அவள் அக்கா அதற்கு முன்பே பட்டம் முடித்துவிட்டதால் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆர்.டி.இ.-யில் படிக்கிற பெண் குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், எட்டாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றைக்கே "ஆர்.டி.இ.-யின் கீழ் பயின்றார்" என்ற சான்றையும் சேர்த்துக் கேளுங்கள். எட்டாவது முடிக்கப்போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக அந்தச் சான்று கேட்கும் மனுவை இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.