தொடாத படமும் சுடும்

"தெரியாதவர் அனுப்பும் படத்தை நான் தொடுவதே இல்லையே, தம்பி" என்கிறார் சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் என் பெரியம்மா. தொட வேண்டிய அவசியமே இல்லை. திரையில் சிறு முன்னோட்டம் தெரிகிறதென்றால், படத்தைப் பிரித்துப் படிக்கும் நிரல் ஏற்கெனவே ஓடிவிட்டது என்று பொருள்.

2023 செப்டம்பரில் வெளிவந்த லிப்வெப்பி (libwebp) குறைபாடு இதற்கு நல்ல சாட்சி. வெப்பி (WebP) என்ற பட வடிவத்தைப் பிரித்துப் படிக்க, பல செயலிகள் தங்களுக்குள் சேர்த்துக்கொள்ளும் நிரல் நூலகம்தான் லிப்வெப்பி. வெப்பி வடிவத்தின் இழப்பற்ற வகையில், அதாவது படத்தின் விவரம் எதுவும் குறையாமல் சுருக்கும் வகையில், ஹஃப்மன் அட்டவணைகள் உண்டு; சுருக்கிய தரவை மீண்டும் விரிக்க உதவும் குறியீட்டுப் பட்டியல்கள் அவை. அவற்றுக்கு அதிகபட்சம் எவ்வளவு இடம் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த அளவு நினைவகத்தை மட்டும் ஒதுக்கியிருந்தார்கள். கணக்கு சரிதான், ஒழுங்கான படங்களுக்கு! வேண்டுமென்றே கோணலாகச் செய்த படம் வந்தால், அட்டவணை எல்லை தாண்டிப் பக்கத்து நினைவகத்தில் எழுதிவிடும். குறியீடு செல்லுபடியாகுமா என்ற சோதனை முடிவதற்குள் எழுதி முடிந்துவிடும். பந்தி முடிந்தபின் இலையை எண்ணுவதுபோல.

ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக் குழுவும் இதைக் கண்டு சொல்லின. எனக்கு எரிச்சல் மூட்டியது பிறகு நடந்ததுதான். குரோமின் குறை என்றே முதலில் பதிவானது. ஆனால் ஃபயர்பாக்ஸும், குரோமின் அடித்தளத்தையே கொண்டு கணினிச் செயலிகள் செய்ய உதவும் எலக்ட்ரானில் கட்டிய எத்தனையோ செயலிகளும் அதே நூலகத்தைச் சுமந்துகொண்டிருந்தன.

எங்கள் சாங்கி அலுவலகத்தில் குரோமைப் புதுப்பித்த கையோடு பாதிப் பேர் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள். மீதிப் பேர் அரட்டைச் செயலி, குறிப்பேடு, நிரல் எழுதும் கருவி என்று ஒவ்வொன்றாகத் திறந்து, லிப்வெப்பியின் திருத்தம் பெற்ற 1.3.2 பதிப்பு உள்ளே வந்துவிட்டதா என்று தேடிக்கொண்டிருந்தோம்.